மண்ணுக்குள் போன நண்டைத் தோண்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு மாமல்லபுரம், மெரினா என்று போய்த் திரும்பும் பிள்ளைகள் பலர் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வருகிறார்கள். உள்ளே சங்கைச் சுமந்துகொண்டு நடக்கும் துறவி நண்டு. வண்ண மீன் கடைகளிலும் சில சமயம் இது கிடைக்கிறது. முதல் வாரம் வீடே அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இரண்டாம் வாரம் அது அசையாமல் கிடக்கும், சோறு வைத்தால் தொடாது, ஒரு கால் கழன்று விழும். ‘உடம்பு சரியில்லை, என்ன மருந்து கொடுக்கலாம்?’ என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. வைத்தியத்துக்கு நாடே தேடி வரும் ஊர் நம் வேலூர். ஆனால் இந்த உயிருக்கு மருந்துக் கடையில் வாங்கித் தரக்கூடியது ஒன்றும் இல்லை. சரியான காற்று, சரியான நீர், ஆழமான மணல், தொந்தரவு செய்யாத கை ஆகிய நான்கும்தான் அதற்கு வைத்தியம். அக்னி நட்சத்திரம் தொடங்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடமிருந்தால் முழுவதையும் வெளியிட வேண்டுகிறேன்.

முதலில், கையில் இருப்பது கடல் நண்டா நிலத்து நண்டா என்று பாருங்கள். அலை ஓரக் குட்டைகளில் பிள்ளைகள் பொறுக்கி வருவது பெரும்பாலும் கடலிலேயே வாழும் வகை. அதை உலர்ந்த டப்பாவில் வைத்தால் சீக்கிரமே செத்துப்போகும். கடல்நீர்த் தொட்டி இல்லாதவர்கள் அதைக் கையில் எடுக்காமல் அங்கேயே விட்டுவிடுவதுதான் நல்லது. நிலத்தில் வாழ்வது சீனோபிட்டா என்ற பேரினம். அது மணலில் சுறுசுறுப்பாக நடக்கும், கம்பில் ஏறும். உள்ளே இழுத்துக்கொள்ளும்போது பெரிய இடது கொடுக்கால் சங்கின் வாயைக் கதவு போல அடைத்துக்கொள்ளும். நீரில் அமுக்கி வைத்தால் மூழ்கிச் செத்துவிடும். இனி நான் சொல்வதெல்லாம் இந்த நிலத்து வகைக்குத்தான்.

நிலத்தில் வாழ்ந்தாலும் இது மூச்சு விடுவது செவுளால். செவுள் நனைந்திருந்தால்தான் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் உடம்புக்குள் போகும். வளர்க்கும் தொட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் 75 முதல் 85 சதவீதம் இருக்க வேண்டும். 70-க்குக் கீழே இறங்கினால் மெல்ல மெல்ல மூச்சுத் திணறல் தொடங்குகிறது. கம்பி வலைக் கூண்டில் ஒரு ஸ்பாஞ்சு துண்டோடு விற்கப்படும் நண்டு வீட்டுக்கு வருமுன்பே செவுள் கெட்டு நோயாளியாகத்தான் வருகிறது. வேலூரில் மே மாதப் பகலில் வீட்டுக் காற்றில் இந்த ஈரத்தில் பாதிகூட இருக்காது. ஏ.சி. போட்ட அறை இன்னும் வறண்டது. நண்டு சோர்ந்திருந்தால் முதலில் நண்டைத் தூக்கிப் பார்க்காமல், காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஹைக்ரோமீட்டரைப் பாருங்கள்.

அந்த மீட்டரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. விலை மலிவான மீட்டர்கள் 10 எண் வரைகூடத் தப்பாகக் காட்டும். சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, 8 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மீட்டர் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் அது 7 குறைத்துச் சொல்கிறது என்று பொருள். அந்த 7-ஐ மீட்டரின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டு, எப்போதும் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஈரம் குறைவு என்று தெரிந்ததும் எல்லோரும் செய்வது ஸ்பிரே பாட்டிலை எடுத்து மணல் மேல் அடிப்பது. அன்றைக்கு எண் ஏறும், நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும், மறுபடி அடிப்பார்கள். அடித்த நீரெல்லாம் மணலின் அடியில் போய்த் தேங்கும். பத்து நாளில் அடி மணல் சாம்பலும் கறுப்புமாகிப் புளித்த வாடை வரும். அடியில் சட்டை, அதாவது பழைய மேலோட்டை, உரித்துக்கொண்டிருக்கும் நண்டு அந்தக் கெட்ட நீரில் மூழ்கிப்போகும். ஈரத்தை மூடிதான் காக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியின் மேல் கண்ணாடியோ கனமான பிளாஸ்டிக் தகடோ வைத்து மூடி, ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் இடைவெளி விடுங்கள். நீர்க் கிண்ணம் ஒன்றில் மீன் தொட்டிக்கான சிறிய காற்றுப் பம்பின் குழாயைப் போட்டுக் குமிழி விட்டால் ஈரம் தானாக நிற்கும்.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டடத்துக்கு வரும் எம்-சாண்ட் வேண்டாம். உடைத்த கல்லின் கூர் முனை நண்டின் மென்மையான உடம்பைக் கீறக்கூடும். ஆற்று மணலைச் சலித்து, கலங்கல் போகும் வரை கழுவி, இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவிடுங்கள். ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னை நார்த் தூள். தூளில் உரம் கலந்திருக்கக் கூடாது. கட்டியாக வாங்கியதை ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழிய வேண்டும். ஆழம் குறைந்தது 15 சென்டிமீட்டர், அல்லது பெரிய நண்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. 45-க்கு 30 சென்டிமீட்டர் தொட்டிக்கு இந்தக் கணக்கில் ஏறக்குறைய 20 லிட்டர் கலவை பிடிக்கும். அதுவே 30 கிலோ அளவுக்குக் கனக்கும் என்பதால் தாங்கும் மேஜையாகப் பாருங்கள். கையில் பிடித்து அமுக்கினால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வடியக் கூடாது. அதுதான் பதம்.

இனி நம் ஊர் வெயில். இந்த நண்டுக்கு 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் சுகம். 32-ஐத் தாண்டினால் ஆபத்து. மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், மேற்குச் சுவரை ஒட்டி வைத்த தொட்டி மூடியும் போட்டிருந்தால் பிற்பகல் மூன்று மணிக்குப் பாத்திரம் போலச் சுடும். நண்டு சங்கை விட்டுப் பாதி வெளியே தொங்கும், அல்லது சங்கின் வாயிலிருந்து பழுப்பு நிற நீர் கசியும். இது வெப்பத் தாக்குதல். உடனே தூக்கிக் குளிர்ந்த நீரில் போடுவதும், பிரிட்ஜில் வைப்பதும் அதைக் கொன்றுவிடும். வீட்டின் குளிர்ந்த அறைக்குத் தொட்டியை மாற்றி, சாதாரண வெப்பத்தில் இருக்கும் குளோரின் நீக்கிய நீரில் ஈரத் துணியை நனைத்து விரித்து அதன்மேல் நண்டை வைத்து, இருட்டாக விடுங்கள். கோடை முழுவதும் தொட்டியைத் தரைத்தளத்தில், வடக்குப் பக்கச் சுவர் ஓரம் வையுங்கள். வெளிக் கண்ணாடியைச் சுற்றி நனைத்த கோணிப்பை கட்டினால், நம் வறண்ட வெயிலில் நீர் ஆவியாகிச் சில டிகிரி குறையும். மார்கழி, தை இரவுகளில் எதிர்ப் பிரச்சினை வரும். அப்போது வெப்பத் தகட்டைத் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில், மணல் மட்டத்துக்கு மேலே ஒட்ட வேண்டும். அடியில் வைத்தால் புதைந்திருக்கும் நண்டு வெந்துவிடும்.

நீர் இரண்டு வகை வேண்டும், ஒரு கிண்ணம் நல்ல நீர், ஒரு கிண்ணம் கடல் உப்பு நீர். நண்டு தன் சங்குக்குள் எப்போதும் கொஞ்சம் நீரைச் சேர்த்து வைத்திருக்கும். அதன் உப்பைக் கூட்டவும் குறைக்கவும் அதற்கு இரண்டு கிண்ணமும் தேவை. மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை, பாட்டிலில் போட்ட அளவுப்படி சேர்க்க வேண்டும். நம் பக்கத்துப் போர்வெல் நீர் பல தெருக்களில் கடும் உப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்று நிலத்தடி நீரைக் கெடுத்த கதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது எல்லோருக்கும் தெரியும். அந்த நீர் வேண்டாம், குடிக்க வாங்கும் ஆர்.ஓ. கேன் நீர் போதும். உப்பு நீருக்கு, மீன் கடைகளில் விற்கும் கடல்நீர்த் தொட்டி உப்பு லிட்டருக்கு 35 கிராம். சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. கடல் நீரில் இருக்கும் மெக்னீசியமும் கால்சியமும் அதில் இல்லை. கிண்ணம் நண்டு முங்கும் ஆழம் இருக்கட்டும், ஏறி வரக் கூழாங்கல் படி கட்டாயம். செம்புப் பாத்திரமோ, செம்புக் குடத்தில் ஊறிய நீரோ கூடவே கூடாது. நமக்கு நல்லதென்று வைக்கும் செம்பு, நண்டு இறால் வகைக்கு விஷம். மீன்களின் வெள்ளைப் புள்ளி நோய்க்கு விற்கும் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு. மீன் கடைக்காரர் அன்போடு எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். துறவி நண்டு வளர வேண்டுமானால் பாம்பைப் போலச் சட்டை உரிக்க வேண்டும். அதற்கு முன் சில நாள் நிறைய நீர் குடிக்கும், தொட்டி முழுவதும் அங்கங்கே தோண்டிப் பார்க்கும், சாப்பாடு குறையும், உடம்பு சாம்பல் பூக்கும், கண்கள் புரை விழுந்தது போல மங்கும். வீட்டில் இதைத்தான் ‘காய்ச்சல்’ என்கிறார்கள். பிறகு மணலுக்குள் இறங்கி ஒரு குகை அமைத்துக்கொள்ளும். சின்ன நண்டு நான்கு முதல் ஆறு வாரம், எலுமிச்சை அளவு நண்டு இரண்டு மூன்று மாதம், அதற்கும் பெரியது இன்னும் அதிகமாக உள்ளே இருக்கும். பழைய சட்டையை விட்டு வெளியே வந்ததும் உடம்பு அவித்த முட்டையின் வெள்ளை போல இருக்கும். காலைத் தூக்கக்கூட வலு இருக்காது. உரித்த சட்டையையே மெல்ல மெல்லத் தின்று, அதிலிருக்கும் கால்சியத்தைத் திரும்ப எடுத்துத்தான் அது புது ஓட்டை இறுக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் ‘இருக்கிறதா, செத்துவிட்டதா’ என்று கரண்டியால் தோண்டினால் குகை சரியும், மென்மையான கால் முறியும், வெளிச்சத்தில் மிரண்டு சாப்பாட்டை விட்டுவிடும். வீடுகளில் செத்துப்போகும் துறவி நண்டுகளில் எத்தனையோ இப்படித் தோண்டப்பட்டவை. கவலையாக இருந்தால் மணலருகே மூக்கை வைத்துப் பாருங்கள். மெல்லிய கடல் வாடை இருந்தால் ஒன்றும் இல்லை. செத்த நண்டு அழுகிய மீன் நாற்றம் அடிக்கும், அதை மூக்கு தவறவிடாது.

சில நேரம் மேலே ஒரு நண்டு செத்துக் கிடப்பது போலத் தெரியும். எடுத்தெறியுமுன் நன்றாகப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாக, காகிதம் போல லேசாக இருந்தால் அது உரித்த சட்டை. நண்டு சங்குக்குள் ஆழத்தில் உயிரோடு இருக்கும். ஆழமான மணலோ ஈரமோ கிடைக்காதபோது இப்படி மேலேயே உரித்துவிடும். அப்போது நண்டைத் தொடாமல், 2 லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் இரு முனையையும் வெட்டி, அந்தக் குழலை நண்டைச் சுற்றி மணலில் இறக்கிவிடுங்கள். மற்ற நண்டுகள் வந்து தின்றுவிடாமல் இது காக்கும். உரித்த சட்டை உள்ளேயே இருக்கட்டும். மேலே இருட்டுத் துணி போட்டு, காற்று மட்டும் போகும்படி விடுங்கள். தானே நடந்து சட்டையைத் தின்று முடிக்கும் வரை குழலை எடுக்க வேண்டாம்.

கால் கழன்று விழுந்தால் பதற வேண்டாம். தாங்க முடியாத நெருக்கடியில் நண்டு தானே காலைக் கழற்றிவிடும். இடம் மாறிய அதிர்ச்சி, வறண்ட காற்று, சண்டை, பூச்சி ஆகியவை காரணமாகும். காயத்தில் மஞ்சள் வைப்பது, கிருமிநாசினி தடவுவது இரண்டும் வேண்டாம். சில நாளில் கழன்ற இடத்தில் கண்ணாடி போன்ற சிறு முளை தெரியும். அடுத்த சட்டை உரிப்பில் அது காலாக விரியும். நண்டைத் தனி டப்பாவில் வையுங்கள். 10 லிட்டர் மூடியுள்ள டப்பா, அதே கலவை 15 சென்டிமீட்டர், இரண்டு கிண்ணம், அதே ஈரம், அதே வெப்பம். நோயாளி என்பதற்காக வெறும் துணி விரித்த டப்பாவில் வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. புதைய இடமில்லாத நண்டு தேறாது.

சங்கை விட்டே வெளியே வந்துவிட்ட நண்டுக்கு நேரம் குறைவு, அதன் வெறும் வயிறு காய்ந்துவிடும். நண்டு நெருக்கமாக அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கப்பை எடுத்து, நண்டின் பழைய சங்கை உப்பு நீரில் அலசி, சங்குக்குள் ஒரு டீஸ்பூன் உப்பு நீர் நிற்கும்படி கப்பில் வாய் மேலாக வைத்து, நண்டைப் பக்கத்தில் விட்டு ஈரத் துணியால் மூடுங்கள். ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்க வேண்டாம். கையால் சங்குக்குள் திணித்தால் வயிறு கிழியும். பெரும்பாலும் தானே ஏறிக்கொள்ளும். ஏறாவிட்டால் வாய் அகலம் கொஞ்சம் மாறுபட்ட மூன்று சங்குகளை வைத்துப் பாருங்கள். நண்டின் பெரிய கொடுக்கு எவ்வளவு அகலமோ, சங்கின் வாய் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். சங்கை 5 நிமிடம் கொதிக்க வைத்து ஆறிய பின் வையுங்கள். நண்டு இருக்கும் சங்கை அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். வர்ணம் பூசிய சங்கு வேண்டவே வேண்டாம். பெயின்ட் உரிந்து நண்டு தின்கிறது.

எறும்பு நம் ஊரில் பெரிய எதிரி. சங்குக்குள் புகுந்து கடித்தால் நண்டு வெளியே ஓடிவந்துவிடும். தொட்டி இருக்கும் மேஜையின் கால்களை, சர்க்கரை டப்பாவை வைப்பது போலத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். எறும்பு ஏறிவிட்டால் நண்டை உப்பு நீரில் சில விநாடி முக்கி, சங்கிலிருந்து குமிழி வரும்படி சாய்த்து எடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்து தனி டப்பாவுக்கு மாற்றி, மணல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். புதைந்த நண்டைத் தோண்டலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் நேரம் இது ஒன்றுதான். நண்டின் உடம்பில் ஓடும் பொடிப் புள்ளிகள் போன்ற உண்ணிகளுக்கும் இதே வைத்தியம். ஈர மணலில் துள்ளிக் குதிக்கும் வெள்ளைப் பூச்சிகள் வேறு. அவை பூஞ்சணத்தைத் தின்று மணலைச் சுத்தம் செய்பவை, இருக்கட்டும்.

எறும்புச் சாக்பீஸ் கோடு, எறும்புப் பொடி, கொசுவத்தி, கரண்டில் சொருகும் கொசு மருந்து இவையெல்லாம் தொட்டி இருக்கும் அறையில் கூடாது. கொசுவும் நண்டும் கணுக்காலிகள் என்ற ஒரே பெரும் பிரிவு. கொசுவைக் கொல்லும் பைரித்ராய்டு மருந்து நண்டையும் கொல்லும். இரவில் கொசுவத்தி எரிந்த அறையில் காலையில் நண்டு கால்கள் துடிக்கக் கிடந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வேறு அறைக்கு மாற்றி, இரண்டு கிண்ண நீரையும் அப்போதே மாற்றுங்கள். தெருவில் கொசுப் புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, தொட்டி மேல் ஈரத் துணி போடுங்கள். சாம்பிராணியும் அந்த அறைக்கு வேண்டாம்.

தேறி வரும் நண்டுக்குச் சாப்பாடு எளிது. உப்பில்லாமல் அவித்த முட்டையை ஓட்டோடு நசுக்கியது, தேங்காய்த் துண்டு, கேரட், முருங்கைக் கீரை, பூச்சி மருந்து அடிக்காத வாதுமை மரத்துச் சருகு. கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேளுங்கள். கணவாய் ஓடு அது, ஒரு துண்டு தொட்டியில் கிடந்தால் தேவைக்குச் சுரண்டிக்கொள்ளும். கருவாடு, சிப்ஸ், பிஸ்கட் கூடாது. இரவில் சாப்பிடும் பிராணி என்பதால் மாலையில் வைத்து, காலையில் மீதியை எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் முடியாது என்று தோன்றினால் வாங்காதீர்கள். கடையில் விற்கும் துறவி நண்டுகள் கடற்கரையிலிருந்து பிடித்து வந்தவைதான். நன்றாக வைத்தால் 30 ஆண்டுக்கு மேல் இருக்கக்கூடிய உயிர் அது. வாங்கிவிட்டு முடியாமல் போனவர்கள் கோட்டை அகழியிலோ பாலாற்றிலோ விட்டுவிடக் கூடாது. அங்கே கடல் நீரும் இல்லை, மாற்றிக்கொள்ளச் சங்கும் இல்லை. வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள். கொண்டுபோகும்போது டப்பாவில் அதே தொட்டி மணலை நான்கு விரல் அளவு போட்டு, மேலே ஈரத் துணி விரித்து, மூடியில் இரண்டு துளை மட்டும் இட்டு, விடியற்காலைப் பேருந்தில் வெயில் படாத பக்கம் உட்காருங்கள்.

இப்படிக்கு,
துறவி நண்டு வளர்க்கும் ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.